காத்திருக்காத பகைவன்: மேசை விளையாட்டும் ஜொகூர்ப் போரும்



பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு நம் பிள்ளைகளுள் சிலருக்கு அறிமுகமானதே. அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராக மாறுகின்றனர். ஒருவர் மட்டும் ஆட்ட நடத்துநராக இருந்து சூழலை விவரிக்கிறார். "முன்னால் ஓர் ஆறு, மறுகரையில் காவலர் இருவர். என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்கிறார். பிள்ளைகள் முடிவு செய்கின்றனர். முடிவு பலிக்குமா என்பதைப் பகடை சொல்கிறது. கதையின் இறுதியில் பெரும்பாலும் ஒரு தலைமைப் பகைவனோடு மோதல் இருக்கும்.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் புறப்பாட நேரத்தில் இவ்விளையாட்டை நான் நடத்தி வருகிறேன். தமிழில் பேச வைக்கவும், காரண காரிய உறவைப் புரிய வைக்கவும் இது பெரிதும் உதவுகிறது. நான் அமைத்த கதை ஒன்றில், லேடாங் மலையடிவாரத்து ஊர்மக்கள் சிலரை ஒரு கொள்ளைத் தலைவன் பிடித்து வைத்திருக்கிறான். மாணவர்கள் இரண்டாம் நாளே மலையேறுவார்கள் என்பது என் கணக்கு. அவர்களோ கயிறு வாங்கவும், தீப்பந்தம் யார் பிடிப்பது என்று வாதிடவும், சந்தையில் பேரம் பேசவும் ஐந்து நாள்களைச் செலவிட்டுவிட்டனர்.

இந்நிலையில் நடத்துநர் என்ன செய்ய வேண்டும்? ஐந்து நாளும் கொள்ளைத் தலைவன் அசையாமல் காத்திருந்தான் என்று சொல்வதா? தாமதத்துக்குத் தண்டனையாக அவன் வலிமையை இரட்டிப்பாக்குவதா? இவ்வினாவுக்கு விடை தேடும் ஆசிரியர், ஜொகூர் மாநிலத்தின் வரலாற்றையே புரட்டிப் பார்க்கலாம் என்பது என் கருத்து. அதற்கு முன், ஆட்ட நடத்துநர் என்பவர் எங்கிருந்து வந்தார் என்பதை அறிவது நன்று.

நடுவர் தோன்றிய வரலாறு

நம் முன்னோர் ஆடிய ஆடுபுலி ஆட்டத்தில் புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. ஆடுபவர் இருவரும் முறைவைத்துக் காய் நகர்த்துவர். ஒருவர் எவ்வளவு நேரம் யோசித்தாலும் எதிரியின் காய் இருந்த இடத்திலேயே இருக்கும். சதுரங்கமும் அவ்வாறே. யோசிக்கும் நேரத்துக்கு அங்கே விலை இல்லை.

போர்க்களத்தில் அப்படி இல்லை என்பதை விளையாட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் பிரஷ்ய நாட்டினர். 1812-ஆம் ஆண்டில் ரைஸ்விட்ஸ் என்னும் அரசு அலுவலர் தாம் உருவாக்கிய போர் விளையாட்டு ஒன்றை மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமிடம் அளித்தார். இராணுவ அதிகாரியான அவருடைய மகன் அதைத் திருத்தியமைத்து 1824-இல் விதிநூலாக வெளியிட்டார். உண்மையான நிலப்படத்தின்மீது படைப்பிரிவுகளைக் குறிக்கும் கட்டைகள் வைக்கப்பட்டன. ஒவ்வொரு சுற்றும் களத்தில் இரண்டு நிமிடங்களைக் குறித்தது. ஆடுபவர்கள் கட்டளைகளை எழுதி நடுவரிடம் தருவர். நடுவர் அவற்றைப் படித்து, பகடை உருட்டி, கட்டைகளை நகர்த்துவார். ஒருவர் தயங்கினாலும் அந்த இரண்டு நிமிடம் கழிந்துவிடும். எதிரியின் குதிரைப்படை அதற்குள் முன்னேறியிருக்கும்.

1876-இல் வெர்டி டு வெர்னுவா என்னும் பிரஷ்ய அதிகாரி, நுணுக்கமான விதிகளைவிட அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே மேல் என்று வாதிட்டு ஒரு நூல் வெளியிட்டார். விதியா, நடுவரின் தீர்ப்பா என்னும் அந்த விவாதம் இன்றும் முடிவடையவில்லை.

இம்மரபின் வழித்தோன்றலே 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதில் நிலவறைக்குள் கழியும் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் நடத்துநர் ஆறுமுகப் பகடை ஒன்றை உருட்டுவார். ஆறு விழுந்தால் அலைந்து திரியும் பகை ஒன்று எதிர்ப்படும். இருட்டில் வீணே நின்றவர்களுக்கு ஆபத்து கூடியது. கைகாக்ஸ் 1979-இல் எழுதிய நடத்துநர் கையேட்டில், ஆட்டத்தில் கழியும் காலத்துக்குக் கண்டிப்பான கணக்கு வைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். பின்னர் 2010-இல் வந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்', 2017-இல் வந்த 'பிளேட்ஸ் இன் த டார்க்' ஆகிய விளையாட்டுகளில் தாளில் ஒரு வட்டம் வரைந்து, அதைத் துண்டுகளாகப் பிரித்து, ஆபத்து நெருங்க நெருங்க ஒவ்வொரு துண்டாக நிரப்பும் 'கடிகார' முறை கையாளப்பட்டது.

ஆக, தாமதத்துக்கு விலை உண்டு என்பது இவ்விளையாட்டின் அடித்தளம். அந்த விலையை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு ஜொகூரைக் காண்போம்.

ஜொகூர்: 1937 முதல் 1942 வரை

சிங்கப்பூரின் செம்பாவாங்கில் பிரிட்டன் பெரும் கடற்படைத் தளத்தைக் கட்டியது. அதற்கு நேர் எதிர்க்கரை ஜொகூர். தளத்தைக் காக்கக் கடலோரத்தில் பெரும் பீரங்கிகள் நிறுவப்பட்டன. ஜொகூர் சுல்தான் இப்ராகிம் 1935-இல் அளித்த ஐந்து இலட்சம் பவுண்டு நன்கொடையை நினைவுகூர்ந்து, 15 அங்குலப் பீரங்கிகள் மூன்று கொண்ட தொகுதிக்கு ஜொகூர்ப் பீரங்கித் தொகுதி என்றே பெயர் சூட்டினர். அப்பீரங்கிகள் கடலை மட்டுமே நோக்கின என்று பள்ளியில் படித்திருப்போம். அது முழு உண்மையன்று. சில பீரங்கிகளை நிலப்பக்கமும் திருப்ப முடிந்தது. ஆனால் அவற்றுக்கு வைத்திருந்த குண்டுகள் பெரும்பாலும் கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்கானவை. தரைப்படைக்கு எதிராக அவை அதிகம் பயன்படவில்லை.

நிலவழி ஆபத்தை யாரும் முன்னறியவில்லை என்பதும் சரியன்று. மலாயாப் படைத்தலைவராக இருந்த ஜெனரல் டோபியும், அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய பெர்சிவல் என்னும் அதிகாரியும் 1937-இல் இதை ஆராய்ந்தனர். பெர்சிவல் தம்மை ஜப்பானியத் தளபதியின் இடத்தில் வைத்துத் திட்டம் ஒன்றைத் தீட்டினார். தாய்லாந்தின் சிங்கோரா, பட்டாணி, கிளந்தானின் கோத்தா பாரு ஆகிய இடங்களில் தரையிறங்கித் தெற்கு நோக்கி வருவது அத்திட்டம். இதை ஒரு மேசை விளையாட்டு என்றே சொல்லலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் கிழக்குக் கரையில் தரையிறங்க இயலும் என்பதை டோபி எடுத்துக்காட்டினார். ஜொகூரில் அரண்கள் அமைக்க 60,000 பவுண்டு ஒதுக்கப்பட்டது. கோத்தா திங்கி வட்டாரத்தில் இயந்திரத் துப்பாக்கிக் காவலரண்கள் எழத் தொடங்கின. 1939-இல் டோபி மாற்றலாகிச் சென்றார். ஒதுக்கிய பணத்தில் பாதிகூடச் செலவாகாத நிலையில் வேலை நின்றுபோனது.

அதே காலத்தில் இன்னொரு கடிகாரமும் ஓடியது. போர் மூண்டால் பிரிட்டனிலிருந்து கப்பற்படை எத்தனை நாளில் சிங்கப்பூரை வந்தடையும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தனர். 1937-இல் அது 70 நாள். 1939-இல் முதலில் 90 நாள் என்றும், ஐரோப்பாவில் போர் மூண்டதும் 180 நாள் என்றும் அதை உயர்த்தினர். தாக்குப்பிடிக்க வேண்டிய காலம் இரண்டரை மடங்குக்கு மேல் கூடியது. அதற்கேற்ப அரண்கள் கூடவில்லை.

எதிர்ப்பக்கத்தில் காலம் நன்கு பயன்பட்டது. 1940 செப்டம்பரில் ஜப்பானியப் படை வட இந்தோசீனத்தில் நுழைந்தது. 1941 ஜூலையில் தென் இந்தோசீனத்தையும் கைக்கொண்டது. அதனால் மலாயாவின் வடகரையை எட்டக்கூடிய வானூர்தித் தளங்கள் அதற்குக் கிடைத்தன. 1937-இல் தொலைவில் இருந்த பகைவன் 1941-இல் வாசலில் நின்றான்.

பெர்சிவல் 1941 மே மாதத்தில் மலாயாவின் படைத்தலைவராகத் திரும்பி வந்தார். ஆகஸ்டில் வந்து சேர்ந்த தலைமைப் பொறியாளர் பிரிகேடியர் சிம்சன், டாங்கித் தடைகளையும் காவலரண்களையும் கட்ட வேண்டும் என்று பலமுறை வற்புறுத்தினார். தாய்லாந்துக்குள் முந்திச் சென்று கரையைப் பிடிக்க வகுத்த 'மட்டடோர்' திட்டத்துக்கும் இதே கதிதான். டிசம்பர் 6-ஆம் நாள் ஜப்பானியக் கப்பல்கள் வருவதை ஆஸ்திரேலிய வானூர்திகள் கண்டன. தலைமைத் தளபதி புரூக்-போப்பம் தயங்கினார். டிசம்பர் 8-இல் ஜப்பானியர் தரையிறங்கிய பின்னர் திட்டம் கைவிடப்பட்டது. முன்னேறக் காத்திருந்த 11-ஆம் இந்தியப் படைப்பிரிவு, கடாவின் ஜித்ராவில் மழைநீர் தேங்கிய அகழிகளில் அவசரமாக நின்று போரிட நேர்ந்தது.

அதன்பின் நடந்தவை விரைந்து நடந்தன. ஜனவரி 7-இல் சிலிம் ஆற்றுப் பகுதியில் ஜப்பானிய டாங்கிகள் தற்காப்பை உடைத்துச் சென்றன. மலாயாவில் பிரிட்டிஷாரிடம் டாங்கியே இல்லை. ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. ஜனவரி 15-16 இரவில் ஜப்பானியர் மூவார் ஆற்றைக் கடந்தனர். அங்கே நின்றது பயிற்சி குறைந்த 45-ஆம் இந்தியப் பிரிகேட். அதில் பெரும்பாலோர் இளைஞர். ஜனவரி 31-இல் ஜொகூர் பாலத்தின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுக் கடைசிப் படைகளும் சிங்கப்பூருக்குப் பின்வாங்கின. யமாஷிதா, சுல்தானின் புக்கிட் செரீன் அரண்மனைக் கோபுரத்தில் அமர்ந்து எதிர்க்கரையை நோட்டமிட்டார். பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது.

இவ்வரலாற்றில் நம் வினாவுக்கு ஒரு விடை இருக்கிறது. நான்கு ஆண்டுத் தாமதத்தால் ஜப்பானிய வீரர் எவரும் மாயவலிமை பெற்றுவிடவில்லை. மாறியவை வேறு. பகைவன் நின்ற இடம் மாறியது. அவனுக்குக் கிடைத்த தளங்கள் பெருகின. நம் பக்கத்து வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. இவை ஒவ்வொன்றும் முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிந்த மாற்றங்கள்.

நடுவர் நேர்மை தவறினால்

தாமதத்தை மன்னித்துவிடுவது பிள்ளைகளிடம் இரக்கம் காட்டுவதாகத் தோன்றலாம். நடுவர் தமக்கு விருப்பமான முடிவுக்காகக் கணக்கை மாற்றினால் என்ன நேரும் என்பதற்கும் அதே 1942-ஆம் ஆண்டில் ஒரு சான்று உண்டு.

மிட்வே தீவைத் தாக்குமுன், மே மாதத் தொடக்கத்தில் ஜப்பானியக் கடற்படை 'யமாட்டோ' போர்க்கப்பலில் மேசைப் போர் ஒத்திகை நடத்தியது. ஒத்திகையில் அமெரிக்க வானூர்திகள் ஜப்பானிய வானூர்தித் தாங்கிக் கப்பல்களைத் தாக்கின. நடுவராக இருந்த ஒக்குமியா என்னும் அதிகாரி பகடை உருட்டினார். ஒன்பது குண்டுகள் பட்டன என்றும், 'அகாகி', 'காகா' ஆகிய இரண்டும் மூழ்கின என்றும் முடிவு வந்தது. ஒத்திகைக்குத் தலைமை தாங்கிய உகாக்கி, பட்டவை மூன்றே எனக் குறைத்தார். 'அகாகி' இலேசாகச் சேதமடைந்தது, 'காகா' மட்டுமே மூழ்கியது என்று தீர்ப்பு மாறியது. ஒத்திகையின் அடுத்த கட்டத்தில் மூழ்கிய 'காகா'வும் மீண்டும் மிதந்தது.

1942 ஜூன் 4-இல் நடந்த உண்மைப் போரில் அவ்விரு கப்பல்களும் தாக்கப்பட்டுத் தீப்பற்றின. அவற்றோடு இன்னும் இரண்டு கப்பல்களும் அழிந்தன. மேசையில் கப்பலை மிதக்க வைத்தவரால் கடலில் அதைச் செய்ய இயலவில்லை. விளைவை மறைத்த நடுவர், கற்றுக்கொள்ளும் வாய்ப்பையும் சேர்த்து மறைத்துவிட்டார்.

இறுதி மோதலை எவ்வாறு திருத்துவது?

இனி நடைமுறைக்கு வருவோம். நான் பின்பற்றும் முறை இது.

1. பகைவனின் நாள்குறிப்பை முன்னரே எழுதுதல். மாணவர் தலையிடாவிட்டால் அவன் ஒவ்வொரு நாளும் என்ன செய்வான் என்று ஆட்டம் தொடங்குமுன்னரே எழுதி வைக்கிறேன். என் கதையில் முதலிரண்டு நாள் வாயிலில் ஆறு பேர், வேலி இல்லை. மூன்று, நான்காம் நாளில் மூங்கில் வேலி எழும்பும். ஐந்து, ஆறாம் நாளில் மேலும் பத்துப் பேர் வந்து சேர்வர். ஏழாம் நாளில் சிறைப்பட்டோர் படகில் ஏற்றப்படுவர். மாணவர் எந்நாளில் வந்தாலும் அந்நாளின் நிலையே அவர்களுக்குக் கிடைக்கும். தாமதத்தைக் கண்ட பிறகு கோபத்தில் நான் எதையும் கூட்டுவதில்லை.

2. தலைவனின் உயிர்ப்புள்ளியில் கைவைக்காதிருத்தல். ஐந்து நாளில் ஒரு மனிதன் இரு மடங்கு பலசாலி ஆவதில்லை. அவனுக்கு ஆள் சேரலாம், அரண் சேரலாம், செய்தி கிடைக்கலாம். மூங்கில் வேலியைக் கண்ட மாணவன் "நாம் முன்னரே வந்திருந்தால் இது இருந்திருக்காது" என்று தானே சொல்வான். கூட்டிய எண்ணை அவன் காண முடியாது. அதனால் அதிலிருந்து அவன் கற்பதற்கும் ஒன்றுமில்லை.

3. அறிகுறி காட்டுதல். ஒவ்வொரு நாள் கழியும்போதும் ஒரு செய்தி மாணவர் காதுக்கு எட்ட வேண்டும். மலையில் மூங்கில் வெட்டும் ஓசை கேட்கிறது. கடையில் அரிசி மூட்டைகளை யாரோ மொத்தமாக வாங்கிச் சென்றுவிட்டனர். ஆற்றில் அயலூர்ப் படகுகள் தென்படுகின்றன. அறிகுறியை அலட்சியம் செய்தவர் தோற்றால் அது நியாயம். அறிகுறியே தராமல் தோற்கடிப்பது வஞ்சகம்.

4. உழைப்புக்குக் கூலி தருதல். சந்தையில் கழித்த நாளில் அவர்கள் கயிறு வாங்கியிருந்தால், மலையின் பின்புறப் பாறையில் ஏற அது உதவட்டும். காலத்தைக் கொடுத்து வாங்கிய பொருள் பயன்பட வேண்டும்.

5. வெல்ல இயலாத நிலை வந்தால் குறிக்கோளை மாற்றும் வாய்ப்பைத் திறந்து வைத்தல். மூவாரில் நின்ற இந்திய, ஆஸ்திரேலியப் படைகள் வெல்லவில்லை. பாரிட் சூலோங் பாலம் எதிரி கையில் இருந்ததால் அவர்களால் வண்டிகளைக் கொண்டு செல்லவும் முடியவில்லை. விட்டுச்செல்லப்பட்ட காயமுற்ற வீரர்கள் அங்கே கொல்லப்பட்டனர். ஆயினும் அவர்கள் தாக்குப்பிடித்த நாள்களில் சிகாமாட் பகுதியில் இருந்த பெரும்படை சூழப்படாமல் பின்வாங்கியது. மாணவர்களுக்கும் அவ்வாறே, கொள்ளைத் தலைவனை வீழ்த்த முடியாவிட்டாலும் சிறைப்பட்டோரில் சிலரையேனும் மீட்கும் வழி இருக்கட்டும்.

காத்திருப்பதெல்லாம் தாமதமா?

ஒரு நியாயமான மறுப்பு எழலாம். "எதையும் ஆராய்ந்து செய்யுங்கள் என்று நாமே கற்பிக்கிறோம். விளையாட்டில் அவசரப்படுத்தினால் பிள்ளைகள் ஆத்திரக்காரர்களாக மாட்டார்களா?" என்று பெற்றோர் கேட்கலாம்.

திருக்குறளின் 49-ஆம் அதிகாரமான காலமறிதல் இதற்கு நல்ல துணை. காக்கை ஆந்தையைப் பகலில் வெல்லும் உவமையும் அதில் உண்டு. உரிய வேளைக்காக அசையாது நிற்கும் கொக்கின் உவமையும் உண்டு. கொக்கு மீனை நோக்கி நிற்கிறது. அதன் ஒவ்வொரு கணமும் நோக்கத்தோடு கழிகிறது. ஆகவே மாணவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த நாள் கழிவதால் உங்கள் கைக்கு என்ன வருகிறது? பகைவன் கைக்கு என்ன வருகிறது?" இரண்டையும் ஒப்பிட்டு அவர்கள் காத்திருந்தால் அது திட்டம். ஒப்பிடாமல் காத்திருந்தால் அது தாமதம்.

1941 டிசம்பர் 26-ஆம் நாள் இரவில் சிம்சன் பெர்சிவலிடம் அரண்கள் கட்ட மீண்டும் மன்றாடினார். அரண் கட்டுவது படையினர், பொதுமக்கள் ஆகியோரின் மனவுறுதியைக் குலைக்கும் என்று பெர்சிவல் மறுத்ததாகச் சிம்சன் பின்னர் பதிவு செய்தார். அன்று கழிந்த நாளில் இந்தப் பக்கத்துக்குக் கிடைத்தது எதுவுமில்லை. எதிரி ஒவ்வொரு நாளும் சாலையில் முன்னேறிக்கொண்டிருந்தான்.

விலை கொடுத்தவர் யார்?

மேசை விளையாட்டில் தாமதித்தவரே விளைவை ஏற்கிறார். வரலாற்றில் பெரும்பாலும் அவ்வாறு நடப்பதில்லை. ஜொகூரில் காவலரண் கட்டுவதை நிறுத்தியது யார் என்பது தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் மக்களுக்குத் தெரியாது. சரணடைந்த தளபதிகள் போர்க்கைதிகளாயினர். தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாமற்போயின. 1943-இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம்-பர்மா இரயில் பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமான அப்பாதை அவ்வாண்டு அக்டோபரில் இணைக்கப்பட்டது. போனவர்களில் மிகப் பலர் காலராவாலும் பசியாலும் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோருக்குக் கல்லறைகூட இல்லை. பல குடும்பங்களில் அவர்கள் பெயர்கூட இன்று நினைவில் இல்லை.

சிகாமாட், குளுவாங், மூவார் வட்டாரங்களில் வாழும் பெற்றோர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் 'சயாமுக்குப் போன' உறவினர் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் பெயரையும் ஊரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பிள்ளையிடம் கொடுங்கள். அக்காலத்தை நேரில் கண்டவர்கள் மிகச் சிலரே எஞ்சியிருக்கின்றனர். இந்தக் கடிகாரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அன்புடன்,
ஜொகூரிலிருந்து ஒரு தமிழாசிரியர்